பல்லடைப்பும் முரசின் நலமும்

"பல் போனால் சொல் போகும்" என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. பல் போவதற்குக் காரணம் யாதென வினவினால், சூத்தை என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். சூத்தை விழுந்த பல்லைத் துளைத்துச் சுத்தஞ்செய்து, அக்குழியைத் தக்கதொரு பொருளால் அடைத்துவிட்டால் பல் பிழைத்தது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் பல் தனித்து நிற்கும் பொருளன்று. அதன் கழுத்தைத் தழுவி நிற்கிறது முரசு. தமிழ்நாட்டார் இதனை ஈறு என்பர். முரசின் உள்ளே தாடையெலும்பு இருக்கிறது. எலும்பையும் வேரையும் நுண்ணிய நார்கள் பிணைத்து வைத்திருக்கின்றன. மரம் எத்துணை வலிதாயினும் அடிமண் கரைந்தால் அது சாய்ந்தே தீரும். அவ்வாறே முரசும் எலும்பும் கரைந்துபோனால், சூத்தையே இல்லாத பல்லும் ஆடி விழும்.

சூத்தையை அடைப்பதற்கென வைத்த பொருளே சில வேளைகளில் முரசுக்குப் பகையாகிறது. இவ்வுண்மையை மருத்துவ உலகு ஒரே நாளில் உணர்ந்துவிடவில்லை. பல்லைக் காக்க முனைந்தோர், பல்லைத் தாங்கும் நிலத்தையும் காக்கவேண்டும் என்று கற்றுக்கொள்வதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் சென்றன.

பற்குழியை அடைக்கும் முயற்சி மிகத் தொன்மையானது. இன்றைய பாகிஸ்தானிலுள்ள மெஹர்கார் என்னும் இடத்தில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களின் கடைவாய்ப் பற்களிற் கல்லலகாற் துளைக்கப்பட்ட குழிகள் காணப்பட்டன. ஸ்லொவேனியாவிற் கிடைத்த ஒரு தாடையில், ஏறத்தாழ 6,500 ஆண்டுகளுக்கு முந்திய பல்லொன்றின் வெடிப்பைத் தேன்மெழுகு மூடியிருந்தது. சீனத்தில் 7ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலொன்று வெள்ளியும் இரசமும் கலந்த பசையைக் குறிப்பிடுகிறது. இவையெல்லாம் தனித்தனி முயற்சிகள். தொழிலாகவும் கலையாகவும் பல்வைத்தியம் உருப்பெற்றது ஐரோப்பாவில், 18ஆம் நூற்றாண்டிலாகும்.

பாரிசு நகரில் வாழ்ந்த பியேர் பொஷார் என்பவர் 1728ஆம் ஆண்டில் இரண்டு பாகங்களாக ஒரு பெருநூலை வெளியிட்டார். பல்வைத்தியத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவர், ஈயம், வெள்ளீயம், பொன் ஆகியவற்றின் தகடுகளாற் பற்குழிகளை அடைத்தார். பல்லில் ஒட்டிய காறையைச் சுரண்டுவதற்கான கருவிகளையும் அதே நூலில் விரித்துரைத்தார். பல்லை அடைக்கும் கலையும் முரசைப் பேணும் கலையும் ஒரே நூலிற் குடியிருந்தன. அவருக்குப் பின் வந்தோர் காலத்தில் இவ்விரண்டும் மெல்ல மெல்லப் பிரிந்து சென்றன.

பிரிவுக்குக் காரணம் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த பெருவளர்ச்சியே எனலாம். 1833ஆம் ஆண்டில் குறோகூர் சகோதரர் என்போர் நியூயோர்க் நகருக்கு வந்து, வெள்ளியும் இரசமும் கலந்த கலவையை அரசபெயர் சூட்டி விற்பனை செய்தனர். சூத்தையைச் சரிவர நீக்காமலே குழிக்குள் அதனை அழுத்திவிட்டார்கள் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட பழி. பொன்னால் அடைப்போர் சினங்கொண்டனர். 1840ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அமெரிக்கப் பல்வைத்தியர் சங்கம், இரசக்கலவையைப் பயன்படுத்துவதில்லை என உறுதிமொழி எழுதித் தருமாறு தன் உறுப்பினரை வற்புறுத்திற்று. அப்பிணக்கினாற் சங்கமே 1856இற் கலைந்துபோயிற்று. இரசம் நஞ்சா, அன்றா என்பதைச் சுற்றியே அப்போர் பெரிதும் நிகழ்ந்தது. அடைப்பின் விளிம்பு முரசை என்ன செய்கிறது என்ற வினா அப்போது முன்னுக்கு வரவில்லை.

அவ்வினா ஏன் எழவேண்டியதாயிற்று என்பதை அறிய, அடைக்கும் தொழிலையே சற்று உற்றுநோக்குதல் வேண்டும். மெல்லும் பரப்பிலுள்ள குழியை அடைப்பது எளிது. நாற்புறமும் பற்சுவர் உண்டு. ஆனால் சூத்தை பலகாலும் இரு பற்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடுக்கிலே தோன்றுகிறது. அங்கே பக்கச்சுவர் அழிந்துவிடுவதால், அடைப்பவர் குழியை நிரப்புவதோடு அழிந்த சுவரையும் புதிதாக எழுப்பவேண்டும். 1855ஆம் ஆண்டில் றொபேட் ஆதர் என்னும் அமெரிக்கர், பொற்றகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும் முறையைக் கண்டபின் இது கைகூடிற்று. வாயின் ஈரம் படாமற் காக்கும் இறப்பர் விரிப்பை 1864இல் பார்னம் என்பவர் அறிமுகப்படுத்தினார். 1871இல் லூயி ஜாக் என்பவர், எழுப்பும் சுவருக்கு அணையாக உலோகத் தகட்டை வைக்கும் முறையை வகுத்தார்.

கொத்தன் தூண் வார்ப்பதற்குச் சுற்றிலும் பலகை அடிப்பதைப் பலரும் பார்த்திருப்பர். பலகையின் அடியில் இடைவெளி இருந்தாற் கலவை வெளியே பிதுங்கி அங்கேயே இறுகிவிடும். பல்லிலும் அப்படியே. தகட்டின் அடிவிளிம்பு பல்லோடு நெருங்கி நிற்பதற்காக, இரு பற்களுக்கும் நடுவே சிறியதோர் ஆப்பைச் செருகுதல் வேண்டும். ஆப்பு வையாவிடினும், வைத்தது பொருந்தாவிடினும், அழுத்தப்படும் இரசக்கலவை கீழ்நோக்கிப் பிதுங்கி, பல்லின் இயல்பான வரையைக் கடந்து முரசின்மேற் துருத்தி நிற்கும். வீட்டுக்கு இறவாணம் எப்படியோ, பல்லுக்கு அத்துருத்தல் அப்படி. இறவாணத்தின் கீழ்ச் சிலந்தியும் குளவியும் கூடு கட்டுவதுபோல, அவ்விடத்திற் கிருமிகள் குடியேறுகின்றன. தும்புத்தடி எட்டாத மூலைபோல, பற்றூரிகையும் அங்கே எட்டுவதில்லை.

துருத்தல் ஒன்றே குற்றமன்று. எழுப்பிய சுவர் அடுத்த பல்லைத் தொடாமற் குறுகி நின்றால், ஒவ்வொரு கவளத்திலும் இறைச்சி நாரும் கீரை நாரும் இடுக்கிற் சென்று முரசை நெரிக்கும். அடைப்பின் மேற்பரப்பு மினுக்கப்படாது கரடுமுரடாக இருந்தால், கிருமிப்படலம் அதிற் பற்றுவது எளிது. அடைப்பின் ஓரம் முரசுக்குள்ளே ஆழச் சென்றிருந்தால், நோயாளி எவ்வளவு முயன்றும் அதனைத் துப்புரவு செய்ய இயலாது.

முரசுநோயின் இயல்பை முதன்முதல் தெளிவாக எடுத்துரைத்தோருள் ஒருவர் அமெரிக்காவின் ஹாட்பட் நகரத்து யோன் றிக்ஸ். 1844ஆம் ஆண்டில் சிரிப்பு வாயுவின் உதவியுடன் ஹொரஸ் வெல்ஸ் என்பவரின் பல்லை நோவின்றிப் பிடுங்கியவரும் இவரே. பல்லில் ஒட்டிய காறையும் அழுக்குமே முரசு கரைவதற்குக் காரணம் என்று அவர் 1876இல் எழுதினார். பல்லைப் பிடுங்காமல் அதன் வேர்ப்பரப்பைச் சுத்தஞ்செய்தே பலரின் நோயைத் தணித்தார். அந்நோய் நெடுநாள் 'றிக்ஸ் நோய்' என்றே வழங்கிற்று. பற்பரப்பில் உறுத்தி நிற்பது எதுவாயினும் முரசைப் புண்படுத்தும் என்ற கருத்துக்கு இவரது பணி வழிகாட்டிற்று.

பல்லடைப்புக் கலையைக் கணிதம்போல் ஒழுங்குபடுத்தியவர் சிக்காகோவிற் பணியாற்றிய கிறீன் வாடிமன் பிளாக். 1836இற் பிறந்து 1915இல் மறைந்த இவர், இறுகும்போது அளவுக்கு மீறி விரியவோ சுருங்கவோ செய்யாத இரசக்கலவையை 1890களில் வகுத்தளித்தார். 1908இல் அவரது பெருநூல் வெளிவந்தது. இரு பற்கள் தொடும் புள்ளி எங்கு, எவ்வடிவில் அமையவேண்டும் என்பதை அவர் நுணுகி ஆராய்ந்தார். அப்புள்ளி தவறினால் முரசு துன்புறும் என்பதையும் நன்கு அறிந்திருந்தார். 1912ஆம் ஆண்டளவிலேயே துருத்திய விளிம்பும் முரசுநோயும் தொடர்புடையன என அவர் எழுதியுள்ளார்.

ஆயினும் அவரது போதனை ஒன்று பிற்காலத்தார்க்கு இடர் விளைத்தது. முரசால் மூடப்பட்ட பற்பரப்பிற் சூத்தை தோன்றுவதில்லை என்பது அவரது கணிப்பு. ஆதலின் அடைப்பின் ஓரத்தை முரசின் அடியிற் கொண்டுபோய் மறைத்துவிட்டால், அந்த ஓரத்தில் மீண்டும் சூத்தை பற்றாது என்றார். அடைப்பை விரித்து நோயைத் தடுப்பது என்ற இக்கொள்கை பல தலைமுறை மாணவருக்கு வேதவாக்காயிற்று. சூத்தையை ஒழிக்கும் ஆர்வம், முரசின் எல்லைக்குள் உலோகத்தை நுழைத்துவிட்டது.

இதற்கிடையே மற்றொரு புயல் வீசிற்று. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்ரர் 1900ஆம் ஆண்டிலும், பின்னர் 1910இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலும், அழுகிய வேர்கள்மீதும் நோயுற்ற முரசின்மீதும் கட்டப்பட்ட பொன்வேலைப்பாடுகளைக் கடுமையாகச் சாடினார். வெளியே பொன் மின்ன, உள்ளே சீழ் தேங்குகிறது என்பது அவரது குற்றச்சாட்டின் சாரம். சீர்கெட்ட பல்வேலையைக் கண்டித்தமட்டில் அவர் கூற்று பொருந்தும். ஆனால் உடலின் பல்வேறு நோய்களுக்கும் வாயே ஊற்று என்னும் கொள்கை அதிலிருந்து கிளைத்து வளர்ந்தது. வாதநோய்க்காகவும் பிற நோய்களுக்காகவும் எண்ணற்றோரின் பற்கள் பிடுங்கப்பட்டன. 1930களின் இறுதியில் வாதநோயாளரை ஆராய்ந்தோர், பல்லை இழந்ததால் அவர்கள் குணமடையவில்லை எனக் காட்டியபின்பே அவ்வலை தணியத் தொடங்கிற்று. ஓர் உண்மையை மிகைப்படுத்தியதால் விளைந்த கேட்டுக்கு இது சான்று.

நிதானமான ஆராய்ச்சிக்குக் கருவி வேண்டியிருந்தது. 1895இன் இறுதியில் றொன்ற்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். சில வாரங்களுக்குள், 1896 சனவரியில், ஜேர்மனியரான ஒற்றோ வல்கொவ் தம் பற்களையே அக்கதிரால் படமெடுத்தார். 1925இல் அமெரிக்கரான ஹவட் றேப்பர், நோயாளி கடித்துப் பிடிக்கும் சிறுபடத்தை அமைத்தார். பற்களின் இடுக்கையும் அதன் கீழுள்ள எலும்பின் முகட்டையும் அப்படம் ஒருங்கே காட்டிற்று. முரசின் மறைவிற் கிடந்த துருத்தல்கள் இப்போது வெண்ணிறத் தூண்டில் முட்களைப்போலத் தெரியலாயின. அவற்றின் அருகே எலும்பு தாழ்ந்திருப்பதும் தெரிந்தது.

துருத்தல் முரசைக் கெடுப்பது உராய்வினாலா, கிருமியினாலா என்பது அடுத்த வினா. நோர்வே நாட்டின் ஜென்ஸ் வேர்ஹோக் 1950களில் இதனை நுண்ணாய்வு செய்தார். கரடான பரப்பு தானாகவே புண்ணை உண்டாக்குவதில்லை. அதிற் படியும் கிருமிப்படலமே அழற்சிக்கு வேர் என்று அவர் முடிவு கண்டார். 1960ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை, அடைப்பின் ஓரம் முரசுக்கு வெளியே நிற்பதே நலம் என்று வாதித்தது. பிளாக்கின் போதனை அத்துடன் ஆட்டங்கண்டது.

1965ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஒகூஸ் நகரில், ஹரல்ட் லோ என்பவரும் அவரது துணைவரும் எளியதோர் சோதனையை நடத்தினர். முரசு நலமாயிருந்த 12 பேர் பல்துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவரின் முரசும் சிவந்து வீங்கிற்று. மீண்டும் பல்துலக்கத் தொடங்கியதும் அது குணமாயிற்று. கிருமிப்படலமே முரசழற்சிக்குக் காரணம் என்பது இவ்வாறு ஐயந்திரிபற நிறுவப்பெற்றது. இதன் பயன் யாதெனில், கிருமிப்படலத்தை அகற்றவொட்டாது தடுக்கும் எந்த அடைப்பும் நோய்க்குத் துணைபோவதே என்பது தெளிவாயிற்று.

இதே காலப்பகுதியில், 1961இல், கார்கியூலோவும் அவரது தோழரும் மனிதத் தாடைகளை அளந்து மற்றோர் உண்மையை வெளியிட்டனர். முரசின் உட்புறத் தோல் பல்லோடு ஒட்டிய பகுதி சராசரி 0.97 மில்லிமீற்றர், அதன்கீழ் நார்கள் பற்றிய பகுதி 1.07 மில்லிமீற்றர். எனவே எலும்பின் முகட்டுக்கு மேலே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு வேலியை உடல் தனக்கென வைத்திருக்கிறது. அடைப்பின் ஓரம் இவ்வேலியைத் தாண்டி உள்ளே நுழைந்தால், முரசு நீங்காத அழற்சிக்கு ஆளாகும். இழந்த அகலத்தை மீட்பதற்கு எலும்பு பின்வாங்கும்.

பின்னர்ச் சான்றுகள் பெருகின. 1969இற் சுவீடன் ஆய்வாளரும், 1971இல் கில்மோர், ஷெய்ஹாம் என்போரும், துருத்தல் உள்ள இடங்களில் முரசுநோய் மிகுந்திருப்பதைக் காட்டினர். 1980இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, துருத்தல் பெரிதாகும்போது எலும்பின் இழப்பும் பெரிதாவதை எக்ஸ் கதிர்ப் படங்களால் உறுதிசெய்தது. 1983இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரத்து லாங் என்பவரும் குழுவினரும் இன்னும் துணிவான ஒரு சோதனையைச் செய்தனர். பல்வைத்திய மாணவர் சிலரின் கடைவாய்ப் பற்களில், 1 மில்லிமீற்றர் துருத்திய பொன்னடைப்புகளைச் சில மாதங்கள் வைத்துப் பின் செம்மையான அடைப்புகளால் மாற்றினர். வேறு சில பற்களில் இவ்வரிசையைத் தலைகீழாக்கினர். துருத்தல் வைத்தபோது, முற்றிய முரசுநோயிற் காணப்படும் கிருமிக்கூட்டமே அங்கு வந்து குடியேறிற்று. செம்மையான ஓரம் வைத்தபோது, நலமான வாய்க்குரிய கிருமிகளே இருந்தன. உலோகத்தின் ஒரு மில்லிமீற்றர் அளவு, வாயின் ஒரு மூலையில் வாழும் உயிரினங்களையே மாற்றிவிட்டது.

இவ்வரலாற்றிற் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. லோவும் குழுவினரும் 1969இல் நோர்வேயின் ஒஸ்லோ நகரிற் கல்விகற்ற ஆடவர் 565 பேரைத் தெரிந்தெடுத்தனர். அடுத்த ஆண்டு, பூண்டுலோயாவின் டன்சினன், ஹெரோ தேயிலைத் தோட்டங்களில் ஆண் தொழிலாளர் 480 பேரைத் தெரிந்தெடுத்தனர். முன்னவர் சிறுவயது முதலே பல்வைத்தியரின் கவனிப்பைப் பெற்று, நாடோறும் பல்துலக்கி வந்தோர். பின்னவர் எவ்வித பல்வைத்தியமும் எட்டாதவர். பற்றூரிகைகொண்டு துலக்கும் வழக்கமும் அவரிடத்து இல்லை. ஆயின் அவரிடம் சூத்தை ஏறத்தாழ இல்லை. ஆகவே அடைப்பும் இல்லை. அடைப்பே இல்லாத வாயில் கிருமிப்படலமும் காறையும் மட்டும் என்ன செய்யும் என்பதை அத்தொழிலாளரின் வாய்கள் உலகுக்குக் கற்பித்தன. 15 ஆண்டுகள் கண்காணித்து 1986இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அனைவரிடத்தும் முரசழற்சி இருந்தது. எனினும் நூற்றுக்கு 8 பேரிடம் நோய் விரைந்து பரவ, 81 பேரிடம் மிதமாகப் பரவிற்று. 11 பேரிடம் அழற்சிக்கு அப்பால் முன்னேறவேயில்லை. 2010ஆம் ஆண்டில், முதலிற் சேர்ந்தோருள் 75 பேரை மீண்டும் தேடிக் கண்டு பரிசோதித்தனர். பற்சிகிச்சை எட்டாத ஏழைத் தொழிலாளர் கொடுத்த இவ்வறிவு, இன்று எல்லா நாட்டுப் பல்வைத்தியப் பாடநூல்களிலும் நிலைபெற்றுள்ளது. அவ்வறிவினாற் பெறும் பயன் அவர்தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குறைவின்றிச் சென்றடைவது நீதியாகும்.

ஒஸ்லோவின் ஆடவர் மறுபக்கத்தைக் காட்டினர். அவருள் 160 பேரின் 26 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்த ஷேற்ஸ்லேயும் தோழரும் 2001இல் வெளியிட்ட முடிவு இது: அடைப்பின் ஓரம் முரசின் கீழே சென்ற பற்களில், மற்றப் பற்களைவிட முரசழற்சி மிகுந்தது, அடைப்பு வைத்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள், முரசு பல்லைப் பற்றி நிற்கும் பிடி தளர்வதை அளந்தறிய முடிந்தது. பின்னர் அத்தளர்ச்சி அதே வேகத்தில் தொடராது தணிந்ததாகவும் தோன்றிற்று. நன்கு பல்துலக்கி, வைத்தியரையும் ஒழுங்காக நாடியோருக்கே இவ்விழப்பு நேர்ந்தது என்பது கருதத்தக்கது. ஒரு தோட்டத் தொழிலாளியின் முரசு கவனிப்பின்மையாற் கரைந்தது. ஓர் ஒஸ்லோ கனவானின் முரசு, கவனிப்பு நுழையக்கூடாத இடத்தில் நுழைந்ததால் கரைந்தது.

இன்று இரசக்கலவையின் ஆட்சி மங்கி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025ஆம் ஆண்டின் தொடக்கம் முதல், மருத்துவத் தேவை நேர்ந்தாலன்றி அதனைப் பயன்படுத்தலாகாது என விதித்துள்ளது. பல்லின் நிறத்தையொத்த பிசின் அடைப்புகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. பொருள் மாறினும் பழைய விதி மாறவில்லை. பிசினும் தகட்டையும் ஆப்பையும் வேண்டிநிற்கிறது. அதன் மிகையும் முரசின்மேல் வழிந்து இறுகலாம். பல்லின் நிறமே அதற்கும் இருப்பதால், அம்மிகை கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதுமில்லை.

அடைத்த பல்லின் அருகே மட்டும் பல்துலக்கும்போது இரத்தம் கசிவது, உணவு நாடோறும் ஒரே இடுக்கிற் சிக்குவது, பல்லிடுக்கைத் துப்புரவாக்கும் நூல் ஓரிடத்திலே மாட்டிப் பிரிவது, அவ்விடத்தில் தீநாற்றம் எழுவது ஆகியன விளிம்பு பொருந்தாமையின் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றைக் கண்டோர் முரசை இன்னும் அழுத்தித் தேய்ப்பதாற் பயனில்லை. அடைப்பு வைத்த வைத்தியரிடமோ வேறொருவரிடமோ சென்று, அவ்விடத்தைப் பரிசோதிக்கும்படி கேட்பதே முறை. சிறு துருத்தலைத் தேய்த்துச் சீராக்கலாம். பெரியதாயின் அடைப்பையே மாற்றவேண்டும். ஓரம் எலும்புக்கு மிக அண்மையிற் சென்றிருந்தால், முரசையும் எலும்பையும் சிறிது ஒதுக்கும் சத்திரசிகிச்சையும் தேவைப்படும். தடை நீங்கித் துப்புரவு எட்டியதும் அழற்சி விரைந்து தணியும். எலும்பின் இழப்போ பெரும்பாலும் முற்றாக மீள்வதில்லை. ஆதலின் காலந்தாழ்த்துதல் ஆகாது.

அடைப்பு வைத்தபின் ஓரத்தை ஊசிமுனையாற் தடவிப் பார்த்து, நூலை இடுக்கில் இழுத்துப் பார்த்து, மினுக்கி முடிப்பதற்குச் சில நிமிடங்களே வேண்டும். நோவு நீங்கிவிட்டதென்று கதிரையைவிட்டு உடனே எழாமல், நோயாளியும் அச்சில நிமிடங்களைப் பொறுத்திருத்தல் நன்று.